பாலத்துக்கு முன் இரண்டு ஹாரன்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிய உதயகுமார், அதன் உட்புறத்தில் ஒரு காகிதப் பொட்டலம் டேப் போட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தான்.

பிரிப்பதற்கு முன்பே தெரிந்தது. திருநீறு.

இந்தப் பக்கத்தில் அது அதிசயமில்லை. தறியோ, மோட்டாரோ, டிராக்டரோ, எதைத் திறந்தாலும் ஏதாவது ஒரு மூலையில் ஏதாவது ஒரு சாமியின் திருநீறு இருக்கும். அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்த பன்னிரண்டு வருடத்தில் இப்படி எத்தனையோ பொட்டலங்களைப் பார்த்துவிட்டான்.

செருப்பைக் கழற்றினான். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசி, விரலில் மிஞ்சியதை வழக்கம்போல நாக்கில் வைத்துக்கொண்டான்.

கரகரத்தது. மணமே இல்லை. பல்லில் ஏதோ துணுக்கு நெரிபட்டது.

மலிவுச் சரக்கு என்று நினைத்துக்கொண்டு, பொட்டலத்தை மடித்து இருந்த இடத்திலேயே ஒட்டினான்.

அந்தக் கம்ப்யூட்டர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்தது. காலையில் தங்கச்செல்வி அதைப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்தி எடுத்துக் காய்த்த கைகள்.

"மகன் லாரி ஓட்டுற கேமு ஒண்ணு வெளையாடுவான் தம்பி. மலையில ஒரு பாலம் வருமாம். அதுக்கிட்ட போனா தெணறித் தெணறி நின்னுருதாம். பாலத்த மட்டும் தாண்டிட்டாப் போதும்மா, கார்டு ஒண்ணு வாங்கிப் போடும்மாம்பான். நாளைக்கிக் காலையில அவன் முன்னாடி வைக்கணும். நிக்காம ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க."

பையனுக்குப் பிறந்தநாள் போலிருக்கிறது என்று உதயகுமார் நினைத்தான்.

"பத்து வருசத்துப் பெட்டிக்கா இது. கொஞ்சம் சேத்துப் போட்டு வேற வாங்கிரலாமே."

"வேற வேண்டாம். இதுதான் அவன் கைபட்டது."

"சரி, சாயந்தரம் பையன வரச் சொல்லுங்க. ஓட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு ஸ்கூட்டரே ஒழுங்கா ஓட்டத் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை.

"அவன் வர மாட்டான். நீங்களே ஓட்டிப் பாருங்க."

அவள் கொடுத்த பணத்துக்குள் முடிக்க வேண்டும். பழைய பவர் சப்ளை பெரிய கிராபிக்ஸ் கார்டைத் தாங்காது. தனியாக ஒயர் கேட்காத சின்ன கார்டு ஒன்று, மதுரையில் யாரோ கழற்றிப் போட்டது, கடையில் இருந்தது. அதைச் செருகினான். நாலு ஜிபி ராமோடு இன்னும் எட்டு சேர்த்தான். விண்டோஸைப் புது எஸ்எஸ்டியில் ஏற்றினான். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றவில்லை. பையனின் ஆட்டம் அதில்தான் இருந்தது.

நடுவில், வீட்டிலிருந்து வந்த புளிக்குழம்புச் சோற்றை வயிறு முட்டச் சாப்பிட்டான்.

இரண்டரை மணிக்கு ஆட்டத்தைத் திறந்தான். விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்டது. கடைசியாக விட்டது போன வருடம்.

வெளியே தெருவில் தார் இளகும் வெயில். திரையில் மழை. மலையடிவாரத்தில் ஒரு லாரி விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது.

ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தான்.

விரல்கள் கீபோர்டில் இடம் பிடித்துக்கொண்டன. எந்த வளைவில் வேகத்தைக் குறைப்பது, எங்கே பள்ளம் கிடக்கிறது, எதையும் அவன் யோசிக்கவில்லை. கை போனது. லாரி ஏறியது.

பாலம் வந்தது. லாரி திணறவில்லை, நிற்கவில்லை. மறுகரையில் ஏறியபோது உதயகுமார் மேசையைத் தட்டிச் சிரித்தான். ஏனென்று தெரியவில்லை.

நிமிர்ந்தபோது மணி ஐந்து. பின்னால் ஸ்டூலில் தங்கச்செல்வி உட்கார்ந்திருந்தாள்.

"எப்பக்கா வந்தீங்க?"

"பாலத்துக்கு முன்னாடி ரெண்டு ஹாரன் அடிச்சீகளே, அப்ப. அவனும் அந்த இடத்துல ரெண்டு அடிப்பான்."

ஹாரனுக்கு எந்த பட்டன் என்று உதயகுமாருக்குத் தெரியாது.

அவள் எழுந்து, சுவரில் சாய்த்திருந்த பக்கத் தகட்டைத் திருப்பினாள். பொட்டலத்தின் மேல் டேப் கோணலாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள்.

"பிரிச்சீகளா?"

"கொஞ்சம் பூசிக்கிட்டேன்கா. வாயிலயும் போட்டுக்கிட்டேன். எந்தக் கோயில் துன்னூறு?"

தங்கச்செல்வி அவனுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோயிலு இல்ல தம்பி. போன வருசம் ராமேஸ்வரத்துல அவனக் கரைக்கும்போது, அவுக அப்பாவுக்குத் தெரியாம ஒரு பிடி எடுத்து வச்சேன். நாளைக்கித் தெவசம். அவனுக்குப் பிடிச்சதெல்லாம் படைக்கணும்ல."

உதயகுமாரின் கை நெற்றியைத் துடைக்க எழுந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். முந்தானையால் அவன் கழுத்து வேர்வையை ஒற்றினாள்.

"சாப்ட்டியாய்யா?"

விரல்களில் புளிக்குழம்பு வாசம் இன்னும் போகவில்லை.

"இல்லம்மா" என்றான். "பசிக்குது."