வடக்குப் பக்க வெயில்

"இந்த வீடு நமக்கு ஆகாது அம்மிணி. ஹால் வடக்கப் பாத்து இருக்குது. வெயிலே விழாது, துணி காயாது" என்றான் திருமூர்த்தி.

கைபேசியில் இருந்த திசைகாட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். தன் காலடியில் பாய் விரித்ததுபோல் கிடந்த வெயிலை மட்டும் அவன் பார்க்கவில்லை.

"பத்தொன்பதாவது வீடுங்க இது. இன்னும் திசை பாத்துட்டே இருங்க" என்றாள் மனைவி லோசனி.

உடுமலையிலிருந்து சிட்னிக்கு வந்து ஐந்து வாரம். நண்பனின் வீட்டில் ஓர் அறையில் ஒண்டியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு நண்பனின் பெற்றோர் வருகிறார்கள், அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்கு மறுநாள் பள்ளி திறக்கிறது. குடியிருக்கும் முகவரி இல்லாமல் மகள் நிலாவைச் சேர்க்க மாட்டார்களாம்.

சனிக்கிழமை. சிட்னியின் பெண்டில் ஹில் பகுதியில் வாடகைக்கு வரும் அந்த வீட்டை, பார்க்க வருகிறவர்களுக்காகக் கால் மணி நேரம் திறந்து வைத்திருந்தார்கள். இருபது குடும்பங்கள் கோயில் தரிசனம்போல் நகர்ந்துகொண்டிருந்தன. யாரோ இன்னும் குடியிருக்கிற வீடுதான். சோபா, அடுப்பின் மேல் கெட்டில், படங்களைக் கழற்றிய ஆணிகள்.

"தம்பி, இந்த நாட்டில சூரியன் வடக்குப் பக்கத்தாலதான் போகும்" என்றது இலங்கைத் தமிழில் ஒரு குரல்.

ஜன்னலோரம் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தவமலர் என்று பெயர் சொன்னாள்.

"தெற்குப் பாத்த வீட்டை எடுத்தீங்களெண்டா குளிருக்குள்ள கிடந்து விறைக்க வேண்டியதுதான்."

திருமூர்த்திக்கு முகம் தொங்கிவிட்டது. "போன வாரம் தெக்குப் பாத்த வீட்டுக்குத்தான் ஒத்தக் கால்ல நின்னேன்" என்றான்.

"நல்லவேள, அவங்க நம்மள வேண்டாம்னுட்டாங்க" என்றாள் லோசனி.

தவமலர் சிரித்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, கனவில் பேசுகிறவள்போல் மெல்லச் சொன்னாள். "இந்த ஜூலை மாசத்தில பத்து மணிக்கு வெயில் சோபாக் காலைத் தொடும். மத்தியானம் சமைக்கிற குசினி வாசல் வரைக்கும் வரும். பிறகு சுவரில ஏறி, நாலு மணிக்கு மஞ்சளாப் போய் நிக்கும். அந்த நேரம் ஒரு வேலையும் ஓடாது, சும்மா பாத்துக்கொண்டு இருக்கலாம்."

கேட்கக் கேட்க லோசனிக்கும் கண் சொக்கியது. அந்தச் சுவரோரம் தான் உட்கார்ந்து நிலாவுக்குத் தலை பின்னுவதுபோல் தோன்றியது. சட்டென்று சுதாரித்துக்கொண்டாள்.

"எப்படிக்கா இவ்வளவு தெரியும்?"

"ஒன்பது வருசமா இஞ்சதானே இருக்கிறன், பிள்ளை."

லோசனி கணவனைத் தள்ளிக்கொண்டு போனாள். "ஏனுங்க, இந்தக்காவும் வீடு தேடித்தான் வந்திருக்காங்க. நம்மளப் பேச்சுல புடிச்சு வெச்சுட்டு, முன்னாடி எழுதிப் போட்டுருவாங்க பாருங்க."

அதற்குள் தவமலரே வந்துவிட்டாள். "விண்ணப்பம் போட்டாச்சோ?"

"எங்கீங்க்கா, முன்னாடி இருந்த வீட்டுக்காரங்க சான்று கேக்கறாங்க. வந்து அஞ்சு வாரத்துல நாங்க எங்க போவோம்?" என்றான் திருமூர்த்தி.

"அந்த இடத்தை வெறுமையா விடாதேங்கோ. ஒரு கடிதம் எழுதுங்கோ. ஆர் ஆக்கள், என்ன வேலை, பிள்ளைக்கு எத்தினை வயசு. ஊரில சொந்த வீட்டை வடிவா வச்சிருந்ததையும் எழுதுங்கோ. வேலையிடத்துக் கடிதத்தையும் சேருங்கோ. அனுப்பிப்போட்டு, வாசலில நிக்கிற அந்தப் பிள்ளையிட்ட நேர போய்ப் பேரைச் சொல்லுங்கோ. முகம் தெரிஞ்சாத்தான் திறந்து பாப்பினம்."

அவளே வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, அவன் கைபேசியில் அடித்தான். இதற்கிடையில் ஆறு வயது நிலா வெயிலில் சுருண்டு படுத்துத் தூங்கியேவிட்டாள். தவமலர் அவளையே பார்த்திருந்துவிட்டுக் கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: 'இந்த வீட்டு வெயில் எங்கள் மகளுக்குப் பிடித்துவிட்டது.'

லோசனிக்கு வெட்கமாக இருந்தது. இவளையா சந்தேகப்பட்டோம் என்று நெஞ்சு குறுகியது.

"உங்களுக்கும் வீடு வேணும்தானுங்க்கா? அப்புறம் எதுக்கு எங்களுக்குச் சொல்லித் தர்றீங்க?"

"ஓம், எனக்கும் வேணும்தான். ஆனா இது எனக்குக் கிடைக்காது, பிள்ளை. ஆருக்கோ போகப் போற வீடு. உப்பிடி வெயிலில படுக்கிற குழந்தைக்குப் போகட்டுமே."

விண்ணப்பத்தை அனுப்பி முடிக்கவும் நேரம் முடிந்துவிட்டது. தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு திருமூர்த்தி வெளியே வந்தான். வாசலில் நின்ற ஏஜென்ட் பெண்ணிடம் தன் பெயரைச் சொன்னான். அவள் தன் கையிலிருந்த திரையில் கடிதத்தைப் படித்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க. வீட்டு ஓனருக்கு உங்களதத்தான் முதல்ல அனுப்பப்போறேன்" என்றாள்.

லோசனிக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னால் வந்த தவமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எந்தப் பக்கம் போகணுங்க்கா? ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணா நடக்கலாம் வாங்க."

தவமலர் பதில் சொல்லுமுன் ஏஜென்ட் பெண் அவள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் போயாச்சு தவமலர், இனி நீங்க உள்ள போகலாம். வாடகை ஏறினதால வெள்ளிக்கிழமை காலி பண்ணணுமே, வேற வீடு எதாவது கிடைச்சுதா?"

"இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டு, தவமலர் சாவியை எடுத்துத் தன் வீட்டுக் கதவைத் திறந்தாள்.