ஒன்பது படத்து ஜோடி

"வெர்னாவோட நடிக்க என்னால முடியாது. வேற ஆளைப் பாருங்க."

நடிகன் ஹாலிஸ் டன், ஸ்டூடியோ முதலாளியிடம் இப்படிச் சொன்னது, சாயங்காலத்துக்குள் ஹாலிவுட் முழுக்கப் பரவிவிட்டது.

வெர்னா கால்டருக்கு அது அழகு நிலையத்தில்தான் தெரிய வந்தது. பக்கத்து நாற்காலிக்காரி குனிந்து, "உங்க ஹாலிஸே உங்களை வேணாம்னுட்டாராமே?" என்றாள்.

வெர்னா சிரித்தபடியே இருந்தாள். அவள் தொழிலே அதுதானே.

ஒன்பது படங்களில் அவர்கள் காதலித்திருக்கிறார்கள். மழையில், கப்பலில், ரயில் நிலையத்தில். நிஜத்திலும் புருஷன் பெண்சாதி என்றே நினைத்து, 'குழந்தை எப்போது?' என்று ரசிகர்கள் கேட்டு எழுதுவார்கள். ஹாலிஸுக்கு அடீல் என்று ஒரு மனைவி இருப்பது அவர்கள் நினைவில் நிற்பதேயில்லை. வெர்னாவுக்கு நடந்த இரண்டு கல்யாணங்களும் நிலைக்கவில்லை. அவளுக்குப் படம் வந்தும் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

போன வாரம்தான் ஏஜெண்ட் சிட்னி போனில் கத்தினான். "பழைய ஜோடி மறுபடியும் சேருது வெர்னா. கதையை முதலாளி இன்னும் வெளியில விடல. ஆனா உனக்கு முக்கியமான வேஷமாம்."

அதற்குள் இப்படி.

மறுநாள் காலை நேராக ஹாலிஸ் வீட்டுக்கே காரை விட்டாள். அவன் தோட்டத்தில் ஏணி மேல் நின்று ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு என்னை வேணாம்னே?"

அவன் இறங்கவில்லை. "அலுத்துப்போச்சு வெர்னா. ஒரே மூஞ்சியை எத்தனை படத்துல பார்க்கறது?"

"வெங்காயத்தைத் தின்னுட்டு வந்து எனக்கு முத்தம் கொடுத்தவன் நீ. நான் யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொன்னே. டைரக்டர்கிட்ட, மேக்கப்காரர்கிட்ட, கேட்ல நிக்கற காவல்காரர்கிட்டகூடச் சொன்னே."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்கு இந்தப் படம் வேணும் ஹாலிஸ்."

இதை அவள் நடிக்காமல் சொன்னாள். அவன் கை கிளையிலேயே நின்றுவிட்டது.

"வேற படம் வரும்."

"வராது. அது உனக்கும் தெரியும்."

"வரும்கறேன். இது மட்டும் வேணாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"அலுத்துப்போச்சுன்னு சொன்னேனே. திரும்பத் திரும்ப அதையே கேட்டா?"

"சரி. இனிமே என் மூஞ்சியைப் பார்க்கிற கஷ்டம் உனக்கு வேணாம்."

அவள் திரும்பி நடந்தாள். அவன் கூப்பிடுவான் என்று ஒரு நினைப்பு இருந்தது. கூப்பிடவில்லை. கார்க் கதவைத் திறக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பின்னாலேயே அடீல் வந்தாள், கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"இந்தா, எடுத்துட்டுப் போ."

"உன் புருஷன் பறிச்ச பழம் எனக்கு எதுக்கு? உனக்கு இனிமே நிம்மதி அடீல். உன் புருஷனைக் கட்டிப்பிடிக்க நான் வரமாட்டேன்."

அடீல் கோபித்துக்கொள்ளவில்லை. பையைக் காரின் பின்சீட்டில் வைத்தாள்.

"நேத்து அவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. சம்பளம் கிடையாது. வேற ஸ்டூடியோவுக்கும் போகக் கூடாது. முதலாளி அவரைக் கூப்பிட்டு, 'நடிக்கிறியா, வீட்டுல உட்கார்றியா'ன்னு கேட்டிருக்கார். வீட்டுக்கு வந்துட்டார்."

வெர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்மேல அவ்வளவு வெறுப்பா அவனுக்கு?"

"வெறுப்பா?" அடீல் ஏணிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஹாலிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். நீ அவரைத் திட்டிட்டுப் போனாலும் பரவாயில்லையாம், இது உன் காதுக்குப் போகக் கூடாதாம். என்னால முடியல வெர்னா. இப்படி அழுதுட்டுப் போறியே."

"எது என் காதுக்குப் போகக் கூடாது?"

அடீல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"காதலி வேஷத்துக்கு இருபது வயசுப் பொண்ணு ஒருத்தியைப் போட்டாச்சு. அவரைவிட நாலு வயசு சின்னவ நீ. உன்னைப் போய் அவருக்கு அம்மாவா நடிக்கச் சொல்லியிருக்காங்க."