திருத்திய பதிப்பு

மகள் இறந்த நாள் வந்தால் சுகந்தி விளக்கேற்றி, பேராசிரியர் தணிகைவேலன் எழுதிய கல்விப் புத்தகத்தைக் கைப்பேசியில் திறந்து, மகளைப் பற்றிய பக்கத்தைப் படத்தின் முன் வாய்விட்டுப் படிப்பாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு ஆற்றைக் கடந்து படிக்கப் போன பிள்ளை அவள். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவ்வளவு பெரிய புத்தகத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு பக்கம்தான். இந்த வருடம் அதையும் காணோம்.

சுகந்தி பஸ் ஏறி, பேராசிரியரைப் பார்க்க மதுரைக்கே போய்விட்டாள்.

"இப்பல்லாம் புத்தகம் தன்னைத்தானே திருத்திக்கும்மா," என்றார் பேராசிரியர். "புதுப் புள்ளிவிவரம் வந்தா பழசை எடுத்துடும். உங்க ஆத்துல இப்ப எந்தப் பிள்ளையும் சாகறதில்லையாம்."

"ஆத்தைத் தாண்டி யாரும் படிக்கவே போறதில்லையே சார். அப்புறம் எப்படிச் சாகும்?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

அன்று புத்தக வெளியீட்டு விழாவில் சுகந்தியை முதல் வரிசையில் உட்காரவைத்து, இதே மனிதர்தான் அந்தப் பக்கத்தைப் படித்தார். மகளின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அரங்கமே அழுதது. அவருடைய அந்த அழுகையை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"விடுங்கம்மா. நானே என் கையால திரும்ப எழுதித் தர்றேன். அதை எந்தத் திருத்தமும் தொடாது."

தாளை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார். முதல் வரியிலேயே பேனா நின்றது. கைப்பேசியை எடுத்துத் தன் புத்தகத்தில் தேடினார். கீழே வைத்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"பாப்பா பேரு என்னம்மா?"