கேப்டனின் ஐஸ்பெட்டி

“ஒரு கடத்தல்காரர் பேரை எங்க லேபுக்கு வைக்கச் சொல்றீங்களா சார்?”

காட்டாங்குளத்தூர் கல்லூரிப் பேராசிரியை கோகிலவாணி இப்படிக் கேட்டும், எதிரே உட்கார்ந்திருந்த அமீருதீன் அசரவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த எழுபத்திரண்டு வயது மனிதர். மூன்று மணிக்குக் கமிட்டி; பெயர் வைப்பதா வேண்டாமா என்று அதற்குள் அவள் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஃப்ளையிங் கிளப்பில் விமானம் ஓட்டிய கேப்டன் சுப்பராயலு ஐஸ்பெட்டியில் கொண்டுபோனது ஆட்டுச் சிறுநீரகம் என்றார் அமீருதீன். உடம்புக்கு வெளியே அதைக் கெடாமல் வைக்க ஒரு பம்ப் செய்து, விமானம் குலுங்கினாலும் அது ஓடுகிறதா என்று பார்த்தாராம். அதற்கு ஆதாரமாகக் கேப்டனின் நான்கு நோட்டுகளை மேஜைமேல் வைத்திருந்தார்.

நோட்டுகள் என்னவோ அருமைதான். அவளுக்கு மனிதர்மேல்தான் சந்தேகம். ஃப்ளையிங் கிளப்பிலிருந்து வரவழைத்த பழைய ஃபைலைத் திறந்தாள். ‘ஐஸ்பெட்டியில் தங்கம் போகிறது’ என்று ஒரு மொட்டைக் கடிதம். அதனால்தான் கேப்டனின் லைசென்ஸ் போனது. கெட்ட பெயரோடே செத்தும் போனார், பாவம்.

விமானத்தில் ஏறும் எதையும் எடை போட்டுத் தாளில் எழுதுவது கிளப் வழக்கம். அந்தத் தாள்களில் ஐஸ்பெட்டி மட்டும் இல்லவே இல்லை.

“எடை போட்ட கிளார்க் நீங்கதானே? பெட்டியை ஏன் எழுதல?”

“‘எதுவும் கேக்காத அமீரு’ன்னார். விட்டுட்டேன்.”

“நோட்டெல்லாம் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“சாகறதுக்கு முன்னாடி அவரே கொடுத்தார். அவர் நம்பினது என்னை ஒருத்தனைத்தான் மேடம்.”

சரிதான், கூட்டாளியேதான் என்று முடிவு கட்டினாள் அவள். பங்கு வாங்கிய ஆள் இப்போது நல்ல பெயர் வாங்கித் தரக் கிளம்பியிருக்கிறார். வாய்விட்டே அதைச் சொல்லியும்விட்டாள். அமீருதீன் முகம் சுருங்க, நோட்டுகளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நான் நம்பி என்ன பிரயோஜனம் சார்? இந்தக் கடுதாசியை எழுதின ஆளே வந்து ‘தப்பா எழுதிட்டேன்’னு சொன்னாதான் கமிட்டி ஒத்துக்கும். மொட்டைக் கடுதாசிக்கு ஆளை நான் எங்க போய்த் தேடறது?”

அமீருதீன் அவளிடம் பேனாவைக் கேட்டு வாங்கினார். ஃபைலைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கடிதத்தின் அடியில் நாற்பது வருஷமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.