சுதாராணி ஓங்கிய அருவாள்

மந்திரமூர்த்தி அண்ணாச்சி மடித்துக் கட்டிய வேட்டியோடு விறுவிறுவென்று வந்தவர், பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் நேசம்மாளைப் பார்த்ததும் மடிப்பை இறக்கிவிட்டார்.

கோவில்பட்டியில் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற மனுஷன். நாலாங்கிளாஸ் படிக்கும் மகள் சுதாராணி, மர ஸ்கேலால் கூடப் படிக்கும் விஜியின் நெற்றியில் ஒரே போடு. தையல் போட்டாச்சு. டி.சி. குடுத்து அனுப்பினால்தான் ஆச்சு என்று விஜியின் அம்மா வாசலை விட்டு நகரவில்லை.

வீட்டில் இவள் என்னதான் பார்க்கிறாள் என்று நேசம்மாள் டீச்சர் கேட்டதுதான் தாமதம். அண்ணாச்சி சினிமாக்காரனைப் பிடித்தார், டிவிக்காரனைப் பிடித்தார், போஸ்டர் ஒட்டுகிறவனைக்கூட விடவில்லை. ஊர்ச் சுவர் பூராவும் அருவாளும் ரத்தமுமாக இருந்தால் பச்சைப்பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டார். சொல்லச் சொல்ல அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது, பாவம்.

"துட்டுக்காகப் பிள்ளைக மனசைக் கெடுக்கானுவ டீச்சர். இன்னைக்கே கேபிள் வயரை அறுத்துருதேன். டி.சி. மட்டும் வேண்டாம். ஒத்தப் பிள்ளை."

டீச்சருக்கும் மனசு இளகியது. சுதாராணி பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, எந்தப் படத்துல பாத்து இப்படி அடிச்ச?"

"சினிமாப் படம் இல்ல டீச்சர். இந்தப் படம்."

பென்சில் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பூராவும் தீப்பெட்டியிலிருந்து உரித்த படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மீசைக்காரன் அருவாளை ஓங்கிக்கொண்டு நின்றான். டீச்சர் ஒன்றை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, கீழே இருந்த பொடி எழுத்தை நிதானமாக வாசித்தார்.

"மந்திரமூர்த்தி மேட்ச் ஒர்க்ஸ், கோவில்பட்டி."

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது. பிள்ளை பயந்துபோய் மளமளவென்று ஒப்பித்தாள். கிளாஸில் இந்தப் படத்துக்குத்தான் கிராக்கியாம். ரோஜாப்பூ படம் பத்து குடுத்தால்தான் இது ஒன்று கிடைக்குமாம். வீட்டில் கடைக்கு அனுப்பினால் எல்லாரும் இந்தப் பெட்டியைத்தான் கேட்டு வாங்குகிறார்களாம்.

அண்ணாச்சி மெல்ல நிமிர்ந்தார். "எல்லாருமா?"

"ஆமாப்பா. விஜிகூட இதுதான் வாங்குதா."

"டீச்சர், நீங்க டி.சி.யை எழுதிக்கிட்டு இருங்க" என்றவர், மேஜை மேலிருந்த போனை இழுத்துத் தன் கணக்குப்பிள்ளைக்குப் போட்டார்.

"ஏலே சோலை, புதுப் பெட்டிக்கு வச்சிருந்த மயில் படத்தை அச்சுக்கு அனுப்பாத. மீசைக்காரனுக்கு இன்னொரு கை சும்மாதானே இருக்கு, அதுலயும் ஒரு அருவாளைக் குடுக்கச் சொல்லு."