தேடியவரின் மாவட்டம்

கோர்ட்டின் இணைய வாரண்ட் பட்டியலில் யாரும் யாரையும் தேடலாம். ஆனால் தேடப்பட்டவரின் போனுக்கு உடனே தகவல் போய்விடும். அதில் தேடியவரின் பெயர் இராது, மாவட்டம் மட்டும் இருக்கும்.

பேச்சியம்மாள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் சுடலைமுத்து லாரி டிரைவர். விபத்து வழக்கு ஒன்றில் வாய்தாவுக்குப் போகாமல் ஓடி மூன்று வருடம் ஆகிறது. திங்கள்தோறும் என் சேவை மையத்துக்கு வந்து அவன் பெயரைத் தேடச் சொல்வாள். கால் மணி நேரத்தில் அவள் போன் பேசும்: "உங்கள் பெயர் தேடப்பட்டது. மாவட்டம், கிருஷ்ணகிரி." அடுத்த வாரம் சேலம். எந்த வழக்கும் இல்லாத அவளை வேறு யார் தேடப்போகிறார்கள்? "நல்லாருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

இந்தத் திங்கள் திரையில் வந்தது: 'எதிரி இறந்ததால் வாரண்ட் முடிக்கப்பட்டது.' கோர்ட் பாஷையில் எதிரி என்றால் அவள் மகன்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

"ஏட்டி, தேடிட்டியா?"

"தேடிட்டேன், பெரியம்மா."

போனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. மடச்சி நான், யோசிக்காமல் அவள் பெயரை அடித்துத் தேடிவிட்டேன்.

போன் பேசியது: "உங்கள் பெயர் தேடப்பட்டது. மாவட்டம், தூத்துக்குடி."

பேச்சியம்மாள் பதறி எழுந்தாள்.

"நம்ம ஊருக்கே வந்துட்டாம்ட்டி! வீடு பூட்டிக் கெடக்கு, பாத்துட்டுத் திரும்பிப் போயிரப் போறான்."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.