பகலவன் கழற்றிய கார்டு

வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறேன். ஆனால் இப்போ இல்லை. கொஞ்சம் பொறுங்க.

எங்க ஃபரீன் அக்காவோட பழைய லேப்டாப்பில், இடது ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் தள்ளிவிட்டால் வைஃபை செத்துப்போகும். அப்படி ஒண்ணு இருப்பது அக்காவுக்கே தெரியாது.

நேத்து சாயந்திரம் நான்தான் தள்ளிவிட்டேன்.

அக்கா தலையைப் பிச்சுக்கிட்டாள். பக்கத்தில் நின்று, கஸ்டமர் கேர் பொண்ணு குரலில், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்றேன். அதுவரைக்கும் ஜாலிதான்.

"நாளைக்கு மூணு மணிக்கு எனக்கு ஆன்லைன் இன்டர்வியூடா சுபுஹான்! போன்ல சேத்துக்க மாட்டாங்க, லேப்டாப்தான் வேணும்" என்று அழுதாள்.

எங்க அத்தா, அதாவது அப்பா, வந்தார். அண்டாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி குரல் அவருக்கு. "எவன் கை வெச்சான்னு மட்டும் தெரியட்டும், தோலை உரிச்சிடறேன்!"

சத்தமில்லாமல் திருப்பித் தள்ளிவிடலாம் என்றால், லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இன்று பகல் ஒரு மணிக்கு, சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் பகலவன் அண்ணன் கடைக்குப் போனோம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து ஆறு மாசம் முன்னால் ரிப்பேர் கடை போட்டவர்.

"எங்க கண்ணு முன்னாடியே கழட்டணும்" என்றார் அத்தா. எங்க ஊரில் எல்லாரும் சொல்வதுதான். உள்ளே கொண்டுபோனால் பார்ட்ஸ் மாறிவிடும் என்று பயம்.

பகலவன் அண்ணன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவின் வீங்கின கண்ணைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் பாய்" என்று உள்ரூமுக்கு எடுத்துப் போய்விட்டார்.

"பாத்தியா? உருவறான்" என்றார் அத்தா.

எனக்கும் சந்தேகம். ஒரு சுவிட்சைத் தள்ள எதுக்கு ஸ்க்ரூ டிரைவர்? உள்ளே திருகுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருபது நிமிஷம் கழித்து வந்தார். வைஃபை வேலை செய்தது. அக்கா துள்ளினாள்.

"இன்னா ஆச்சு அதுக்கு?"

"நெட்வொர்க் கார்டு லூசாயிருந்துச்சு பாய். கழட்டி அழுத்திப் போட்டிருக்கேன்." மலைப்பாதையில் முதல் கியரில் ஏறுகிற பஸ் மாதிரி மெதுவான குரல்.

"எவ்ளோ?"

"ஒண்ணும் வேணாம் பாய்."

அத்தாவின் கண் சுருங்கியது. "சும்மா செய்றதுக்கு நீ இன்னா எனக்கு மாமனா மச்சானா? நல்ல கார்டை உருவிக்கினு ஓட்டையைச் சொருவிட்டே! நடு இன்டர்வியூவுல புட்டுக்கும். நட, வியாபாரிங்க சங்கத்துல பேசிக்கலாம்!"

வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. பகலவன் அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. "நான் எதையும் எடுக்கலீங்க பாய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கார்டு கதை பொய் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பொய் சொல்றவன் திருடாமல் இருப்பானா? எனக்கு ரத்தம் கொதித்தது.

"பொய் அத்தா! கார்டு லூசே இல்ல! ஓரத்துல இருக்கற சுவிட்சைத் தள்ளிவிட்டதே நான்தா..."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அத்தா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். பாய்ந்து வந்து அதைப் பிடித்தவர் பகலவன் அண்ணன்.

"உங்களுக்கு... முன்னாடியே தெரியுமாண்ணா?"

"கையில வாங்கினப்பவே பாத்துட்டேன் தம்பி. உன் மூஞ்சியையும் பாத்தேன்."

பிறகு அத்தா பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"அடிக்கறத நாலு மணிக்கு மேல வெச்சுக்குங்க பாய். இன்டர்வியூ நேரத்துல பாப்பா வூட்ல சண்டை வேணாம்னுதான் நான் கார்டு மேல பழியைப் போட்டேன்."